கோட்ஹார்ட் முதலையைத் தேடி

ஸ்டட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் நெடுந்தூர வேக ரயில்களில் பெரும்பாலானவை இப்போது ஃபில்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தொடுவதில்லை. 2022 டிசம்பரில் வென்ட்லிங்கன் – உல்ம் புதிய பாதை திறந்த பிறகு அவை மலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்துவிடுகின்றன. பழைய பாதையில் ஊர் ஊராக நின்று போகும் வட்டார ரயிலில் ஏறினால்தான் அந்த ஆறும், ஆற்றோரத் தொழிற்சாலைகளும், சரிவுகளில் நிற்கும் பழத்தோட்டங்களும் கண்ணில் படும். 1850-இல் முழுமை பெற்ற பாதை இது. இன்னும் கிழக்கே போனால் கைஸ்லிங்கன் ஏற்றம் வரும். ஆயிரம் மீட்டர் போவதற்குள் 22 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடும் இடம் அது. கனத்த ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளிவிட அங்கே தனி எஞ்சின்கள் இருந்தன. அந்த ஏற்றத்துக்கு முன்னால், ஹோஹென்ஷ்டாஃபன் குன்றுக்குக் கீழே, கோப்பிங்கன் இருக்கிறது. மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் உலகில் எங்கே இருந்தாலும் பெயர் தெரிந்து வைத்திருக்கும் ஊர். மேர்க்லின் நிறுவனத்தின் ஊர்.

நான் போன காரியம் ஒன்றுதான். உற்பத்தி நின்றுபோன ஒரு பழைய மேர்க்லின் எஞ்சினை, நல்ல நிலையில், கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் மலைப்பாதையில் சரக்கு இழுத்த மின்சார எஞ்சினின் சிறு வடிவம் அது. நடுவில் ஓட்டுநர் அறை, முன்னும் பின்னும் நீண்ட தாழ்ந்த மூக்கு, உடல் முழுக்கப் பச்சை. ரயில் ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் முதலை. படம் பார்த்துப் பணம் அனுப்பினால் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் பழைய எஞ்சினின் உடல்நிலை படத்தில் தெரியாது. கையில் எடுத்தால் அதன் எடை சொல்லும், ஓடவிட்டால் சத்தம் சொல்லும், சக்கரத்தைச் சுற்றினால் விரலில் ஏறும் இறுக்கம் சொல்லும். அதற்காகவே இவ்வளவு தூரம்.

கோப்பிங்கனில் முதலில் மேர்க்லினியம் போனேன். நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 2021-இல் திறந்த அருங்காட்சியகம். 1859-இல் தியோடர் ஃபிரிட்ரிக் வில்ஹெல்ம் மேர்க்லின் என்ற தகரக் கொல்லர் இந்த ஊரில் செய்யத் தொடங்கியது ரயில் அல்ல. பெண் குழந்தைகளின் பொம்மை வீட்டுக்கான தகரச் சட்டி, பானை, அடுப்பு. அவர் மனைவி கரோலினே அவற்றை எடுத்துக்கொண்டு தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகப் போய் விற்றார். 1866-இல் கணவர் இறந்த பிறகு தொழிலைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். பொம்மை வீட்டுக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பாத்திரம் சேர்வதைப் போல ரயிலுக்கும் சேரலாம் என்ற எண்ணம் அடுத்த தலைமுறைக்கு வந்தது. 1891-இல் லைப்சிக் வசந்தச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை எட்டு வடிவத் தண்டவாளத்தோடு வைத்தார்கள். தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். ஒருமுறை ஒரு பெட்டி வாங்கினால் போதும். பிறகு ஒரு வளைவு, ஒரு வேகன், ஒரு நிலையம் என்று ஆண்டுதோறும் வளர்த்துக்கொண்டே போகலாம். தாத்தா வாங்கிய தண்டவாளத்தில் பேரனின் எஞ்சின் ஓடும் என்ற நம்பிக்கையை மேர்க்லின் விற்றது. அந்த நம்பிக்கைதான் இன்று பழைய எஞ்சின்களுக்கு இவ்வளவு பெரிய சந்தையை உண்டாக்கி வைத்திருக்கிறது.

கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எஞ்சின்களில் காலம் சுருங்கிக்கொண்டே வருவது தெரிகிறது. முதலில் தரையில் ஓடிய பெரிய தகர ரயில்கள். 1935-இல் சாப்பாட்டு மேசை மேல் அடங்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம்; அசலில் 87-இல் ஒரு பங்கு என்று பின்னாளில் உலகமே ஏற்றுக்கொண்ட அளவு. 1972-இல் உள்ளங்கையில் அடங்கும் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளம், 220-இல் ஒரு பங்கு. இந்த நிறுவனத்துக்கும் சோதனைகள் வந்தன. 2005 ஜனவரியில் ஊரிலிருந்த பழைய அருங்காட்சியகத்தில் திருடர்கள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரிய பொருள்களை அள்ளிப்போனார்கள். சில வாரங்களில் அவை மீட்கப்பட்டன. 2009 பிப்ரவரியில், 150-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட வேண்டிய நேரத்தில், நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதிலிருந்து மீண்டு, 2013-இல் சிம்பா டிக்கி பொம்மைக் குழுமத்தின் குடும்பத்தார் கைக்கு மாறி, இப்போது கோப்பிங்கனிலும் ஹங்கேரியின் ஜியோரிலும் எஞ்சின்கள் தயாராகின்றன.

என் முதலையும் அங்கே நின்றது. 1947-இல் சிசிஎஸ் 800 என்ற பெயரில் வெளிவந்து, நிறுவனத்தின் எண் வரிசை மாறியபோது 3015 ஆன எஞ்சின். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், இடிபாடுகளை இன்னும் அள்ளி முடிக்காத ஒரு நாட்டில், இப்படியொரு பொருளை வார்த்தெடுத்திருக்கிறார்கள். மேர்க்லின் இன்றைக்கும் முதலைகள் செய்கிறது. கூவும், மூச்சுவிடும், விசிறி சுழலும் சத்தமெல்லாம் உள்ளே இருக்கும் சில்லிலிருந்து வரும் முதலைகள். அழகானவை. ஆனால் பழையதில் சில்லு கிடையாது. துத்தநாகக் கலவையில் வார்த்த உடல், செப்புக்கம்பி சுற்றிய மோட்டார், திசை மாற்ற ஒரு ரிலே, இரண்டு பல்பு. ஒரு ஸ்குரூடிரைவரும் பொறுமையும் உள்ளவர் அதை முழுக்கப் பிரித்து, புரிந்துகொண்டு, திரும்பச் சேர்த்துவிடலாம். எனக்கு வேண்டியது அதுதான்.

மாதிரி எஞ்சின்களின் உற்பத்தி நிற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஓர் எஞ்சினுக்கு அச்சு செய்ய ஆகும் செலவு பெரிது. ஓரளவு விற்றதும் வேறு எஞ்சினுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒருமுறைதான் செய்வோம் என்று அறிவித்தே விற்கும் வரிசைகளும் உண்டு. சில நேரம் நிறுவனமே பாதை மாறும். நூர்ன்பெர்க்கில் 1887-இல் தொடங்கிய ஃபிளைஷ்மன் இப்போது 9 மில்லிமீட்டர் ரயில்களோடு நிறுத்திக்கொண்டது. அதன் பெரிய அளவு எஞ்சின்கள் எல்லாமே இன்று பழையவை. 9 மில்லிமீட்டர் ரயிலை 1960-களில் பரவச்செய்த அதே ஊர் ஆர்னால்ட் நிறுவனம் 1995-இல் நொடித்தது. பெயர் மட்டும் இத்தாலி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. கடையில் கிடைக்காத எஞ்சின் வேண்டுமென்றால் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

ஜெர்மனியில் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில், ஏதாவது ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில் மாதிரி ரயில் சந்தை கூடும். நான் போனது கோப்பிங்கனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க் கூடம். நீளநீளமான மேசைகள், மேசைக்கு ஒரு விற்பனையாளர், மூலையில் காபியும் கேக்கும். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையில் சிறிய டார்ச்சும் பூதக்கண்ணாடியும் இருந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களின் முகத்தில் இருக்கும் அதே கவனம் அங்கே எல்லா முகத்திலும் இருந்தது.

புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மின்சாரம் பற்றி. மேர்க்லினின் 16.5 மில்லிமீட்டர் ரயில்கள் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுபவை. தண்டவாளத்தின் நடுவே சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். எஞ்சினின் அடிவயிற்றில் நீளமான ஒரு பட்டை அவற்றை உரசிக்கொண்டே போய் மின்சாரம் எடுக்கும். மற்ற பெரும்பாலான நிறுவனங்களின் எஞ்சின்கள் நேர்மின்சாரத்தில், இரண்டு தண்டவாளங்களிலிருந்தே எடுத்து ஓடும். ஒன்றை இன்னொன்றின் பாதையில் வைத்தால் ஓடாது. எஞ்சினைத் திருப்பிப் பார்த்தால் போதும், பட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கூடத்தின் வாசலருகே இருந்த மேசையில் ஒரு 3015 இருந்தது. மூலை மடங்காத அசல் அட்டைப்பெட்டி, குறிப்புத்தாள், பளபளக்கும் பச்சை. கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கியதே இல்லை, ஒருமுறைகூட ஓடாதது என்றார் விற்பவர். அதை மறைக்காமல், பெருமையாகவே சொன்னார். விலையும் அதற்கு ஏற்றபடி. ஓடவிட்டுப் பார்க்கலாமா என்றேன். ஓடினால் சக்கரத்தில் கோடு விழும், ஓடாதது என்று பிறகு சொல்ல முடியாது என்றார். சேகரிப்பவர்களுக்கு அது நியாயமான பதில். அனுமதி வாங்கி எஞ்சினைக் கையில் எடுத்துச் சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளினேன். அசையவில்லை. தொழிற்சாலையில் விட்ட எண்ணெய் இத்தனை ஆண்டுகளில் பிசினாகி, அச்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது தீராத நோய் இல்லை. பிரித்துக் கழுவி, புதிய எண்ணெய் விட்டால் சரியாகும். ஆனால் பிரித்த மறுகணமே அது யார் கையும் படாத எஞ்சின் என்ற பெயரை இழக்கும். அதை வாங்குபவர் அந்தப் பெயரைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார். ஓட்ட நினைக்கும் எனக்கு அந்தப் பெயரால் பயன் இல்லை.

இன்னொரு 3015 கூடத்தின் கோடியில், ஒரு பெரியவரின் மேசையில் இருந்தது. மூக்கின் ஓரங்களில் பச்சை தேய்ந்து உலோகம் மினுங்கியது. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஒட்டுத்தாள். நான் எஞ்சினைப் பார்ப்பதைக் கவனித்து, அவரே டார்ச்சை எடுத்து நீட்டினார்.

"மேலே பார்க்காதீர்கள், முதலில் அடியைப் பாருங்கள்" என்றார்.

அடியைத்தான் பார்க்க வேண்டும். உரசும் பட்டை ஆழமாக அரைபட்டிருந்தால் எஞ்சின் நிறைய ஓடியது. அதனால் பரவாயில்லை, பட்டையை மாற்றலாம். சக்கரத்தின் விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால் யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட உண்மை பேசுபவை ஸ்குரூக்களின் தலை. சரியான அளவு ஸ்குரூடிரைவர் இல்லாதவர் திறந்திருந்தால் தலைப்பள்ளம் சிதைந்திருக்கும். அவசரக்கார கை ஒன்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த எஞ்சினில் ஸ்குரூக்கள் பலமுறை திறந்தவை என்பது தெரிந்தது, ஒன்றுகூடச் சிதையவில்லை. சக்கரங்களை இணைக்கும் சைடு ராடுகள் நேராக இருந்தன. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் சட்டங்கள் இரண்டும் ஒரே அளவில் எழுந்து அமர்ந்தன. புதுப் பெயின்ட் பூசியிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கிக் கிடக்கும். இதில் ஒவ்வொரு ஆணித்தலையும் கூர்மையாக இருந்தது.

பிறகு மேசை மேலிருந்த சிறு தண்டவாளத்தில் வைத்து ஓடவிட்டார். முதலை தயக்கமில்லாமல் கிளம்பியது. பழைய மேர்க்லினில் திசை மாற்ற, திருகுக் குமிழைப் பூஜ்ஜியத்துக்கும் பின்னால் ஒரு நொடி அழுத்த வேண்டும். அப்போது 24 வோல்ட் பாய்ந்து எஞ்சினுக்குள் இருக்கும் ரிலேயைத் தட்டும். அடுத்த முறை எதிர்த்திசையில் போகும். ரிலேயின் சின்ன ஸ்பிரிங் சரியில்லாவிட்டால், திசை மாறுவதற்கு முன் எஞ்சின் முன்னால் ஒரு துள்ளல் துள்ளும். இது துள்ளவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், உடனே பின்னோக்கிப் போனது. மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க வழிசெய்யும் நெம்புகோலையும் போட்டுக் காட்டினார். கார்பன் பிரஷ்கள் பொறிவிடும்போது எழும் அந்தக் காரமான, மின்னலடித்த பின் காற்றில் வருவது மாதிரியான வாசனை மேசையைச் சுற்றி நின்றது.

பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய நுணுக்கமான வரிகள். எந்த ஆண்டில் பிரஷ் மாற்றியது, எப்போது கழுவியது, எப்போது ஒரு பல்பு போனது. தலைப்பு கிடையாது, விளக்கம் கிடையாது, தேதியும் வேலையும் மட்டும். ஓடாத எஞ்சினுக்குக் கொடுக்க முடியாத ஒரு சான்று அது.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "கை நடுங்குகிறது. ரிலே ஸ்பிரிங்கைப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் இருந்தால் இனி இது அலமாரியில்தான் நிற்கும்" என்றார். பிறகு அவர் கேட்டார்: "எங்கே ஓடப்போகிறது?"

சென்னை என்றேன். கடலோரமா என்று கேட்டார். ஆமாம் என்றதும், பக்கத்து மேசைக்கு அழைத்துப் போய், போருக்கு முந்திய ஒரு பழைய வேகனைக் காட்டினார். அதன் அடிச்சட்டத்தில் மயிரிழை விரிசல்கள். ஓரிடத்தில் உலோகம் உப்பி, சக்கரத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தங்கள் மிகக் கொஞ்சம் கலந்தாலும் போதும். உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு புகுந்து, வருடங்கள் போகப்போக வார்ப்பு உப்பி, வெடித்து, பொடியாகும். ஜெர்மானியர்கள் இதைத் துத்தநாகக் கொள்ளைநோய் என்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. குறை வார்த்த நாளிலேயே உள்ளே இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் அதை விரைவுபடுத்தும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. 99.99 சதவீதம் தூய்மையான துத்தநாகத்தைக் கொண்டு கலவை செய்யும் முறை பரவிய பிறகுதான் இது பெரும்பாலும் அடங்கியது. ஆகவே 1930-களின் வார்ப்பு எதையும் வாங்குமுன் அடிச்சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவர் தன் முதலையின் அடிச்சட்டத்தை ஓர் எஃகு அளவுகோலோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். இடைவெளி இல்லை.

அவர் கேட்ட விலை வாசல் மேசை விலையில் பாதியை விடக் கொஞ்சம் கூட. பேரம் பேசத் தோன்றவில்லை. பணம் கைமாறிய பிறகும் அவர் விடவில்லை. பழைய டிரான்ஸ்பார்மரை மட்டும் வாங்கிவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அந்தக் காலத்தில் 220 வோல்ட்டுக்குச் செய்தவை. இன்றைய 230 வோல்ட்டில் செருகினால் வெளியே வரும் மின்சாரமும் கூடும், ரிலேயின் கம்பிச்சுருள் வெந்துபோகும். உள்ளே வயர்களின் உறையும் உதிர்ந்திருக்கும். எண்ணெய் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டேன். மேர்க்லினே 7149 என்ற எண்ணில் சிறு குப்பியில் விற்கும் எண்ணெய் போதும். ஊசி முனையில் நிற்கும் ஒரு துளி. அதற்கு மேல் விட்டால் அது மோட்டாருக்குள் இறங்கி, பிரஷ் பொடியோடு கலந்து களிம்பாகி, எண்ணெய் விடாததை விடப் பெரிய கேட்டைச் செய்யும்.

முதலையை எடுத்துக்கொண்டு நேரே ஊர் திரும்ப மனம் வரவில்லை. அதன் அசலைப் பார்க்க வேண்டும் என்று தெற்கே போகும் ரயிலில் ஏறினேன். ஷாஃப்ஹவுசனில் மாறி வின்டர்தூர் போகும் சிறு ரயிலைப் பிடித்தால், ரைன் அருவி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கொட்டுகிறது. வின்டர்தூரில் இறங்கினேன். நிலையத்துக்கு அருகே, பழைய செங்கல் தொழிற்கூடங்களுக்கு இடையே புதிய குடியிருப்புகள் எழும் பகுதிக்கு லோக்ஷ்டாட், அதாவது எஞ்சின் நகரம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1871-இல் சார்லஸ் பிரவுன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தொடங்கிய சுவிஸ் எஞ்சின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. 1919-க்கும் 1922-க்கும் இடையே, ஓர்லிக்கோன் நிறுவனத்தின் மின்கருவிகளைப் பொருத்தி, முதல் 33 முதலைகளும் இங்கே பிறந்தன.

அசல் ஒன்று லூசர்னில், ஏரிக்கரையில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அருகே போய் நின்றால்தான் அந்த வடிவத்தின் நியாயம் புரியும். முதல் உலகப்போரில் நிலக்கரி வரத்து சுருங்கித் திண்டாடிய சுவிட்சர்லாந்து, தன் மலையருவிகளிலிருந்து மின்சாரம் எடுத்து ரயில் ஓட்ட முடிவு செய்தது. அந்தக் காலத்து மின்மோட்டார்கள் மிகப் பெரியவை. சக்கரங்களுக்கு நடுவே தொங்கவிட முடியாது. அதனால் மோட்டார்களை இரண்டு மூக்குகளில் வைத்து, அங்கிருந்து தண்டுகளால் சக்கரங்களைச் சுழற்றினார்கள். கனமான டிரான்ஸ்பார்மர் நடு உடலுக்கு. 128 டன் எடையுள்ள அவ்வளவு நீளமான எஞ்சின் மலை வளைவுகளில் திரும்ப வேண்டும் என்பதால் மூக்குகளை உடலோடு கீல்போல இணைத்தார்கள். அதே கீல்தான், பின்னாளில், 36 சென்டிமீட்டர் ஆரமே உள்ள மேசை வளைவில் மேர்க்லினின் முதலையும் திரும்ப உதவியது. மலைக்காகச் செய்த வடிவம் மேசைக்கும் பொருந்திப்போனதால்தான் இந்த எஞ்சின் இத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அது உழைத்த பாதையிலும் போய்வந்தேன். 2016-இல் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் திறந்த பிறகு வேக ரயில்கள் மலையின் அடியாலேயே போய்விடுகின்றன. எர்ஸ்ட்ஃபெல்டிலிருந்து கோஷனன் வரை பழைய பாதையில் ஏறும் ரயில் இன்னும் இருக்கிறது. மலைக்குள்ளேயே வட்டமடித்து ஏறும் சுரங்கங்களால் வாஸன் ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை ஜன்னலில் வரும்: முதலில் தலைக்கு மேலே, பிறகு நேர் மட்டத்தில், கடைசியில் காலுக்குக் கீழே. 1882-இல் திறந்த 15 கிலோமீட்டர் சுரங்கத்தின் வாசலுக்கு அந்த எஞ்சின்கள் சரக்கை இழுத்துக்கொண்டு ஏறிய உயரம் 600 மீட்டருக்கு மேல்.

வின்டர்தூர் என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள், மேட்டுப்பாளையத்தில். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 1914 முதல் அதே தொழிற்சாலையில் செய்து கப்பலேறி வந்தவை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு அவை ஏறுகின்றன. முதலையைச் செய்த ஊரும் ஊட்டி எஞ்சினைச் செய்த ஊரும் ஒன்று என்பதை லோக்ஷ்டாட்டின் நடுவே நின்று நினைத்தபோது பெருமிதம் வந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிந்து பல கைகளுக்குப் போய்விட்டது. எக்ஸ் வகை எஞ்சினுக்கு உதிரிபாகம் கேட்டு வின்டர்தூருக்குக் கடிதம் எழுதினால் பெற்றுக்கொள்ள ஆளில்லை. அப்படியும் அந்த எஞ்சின்கள் ஓடுகின்றன. காரணம் திருச்சி பொன்மலைப் பணிமனை. தலைமுறைகளாக அந்த எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்துப் பழகிய தொழிலாளர்கள், 2010-களில் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே அங்கே கட்டினார்கள். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆன ஒரு நீராவி எஞ்சின், அதைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளால் மறுபடி உற்பத்திக்கு வந்தது.

பொன்மலையில் நடந்ததைத்தான் அந்தப் பெரியவர் தன் சமையலறை மேசையில் சிறிய அளவில் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எஞ்சின் பெரிதோ சிறிதோ, அதன் நலம் அதைத் தொடாமல் வைத்திருப்பதில் இல்லை; தெரிந்து தொடுவதில் இருக்கிறது. மேர்க்லினின் குறிப்புத்தாள்களில் எஞ்சினின் ஒவ்வொரு உறுப்பையும் பிரித்து வரைந்து எண் போட்டிருப்பார்கள். பழைய மாடல்கள் பலவற்றுக்கு பிரஷ், சக்கர ரப்பர் வளையம், உரசும் பட்டை இன்றும் கிடைக்கின்றன. வாங்கியவர் திறப்பார், கற்றுக்கொள்வார் என்று நம்பிச் செய்த பொருளை நாம் திறக்கவே பயந்தால், அதைச் செய்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை பாதிதான்.

நம் ஊரில் பழைய மாதிரி எஞ்சின் வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். விற்பவரிடம் புதியதுபோல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது ஓடியது, கடைசியாக எப்போது திறந்தது, யார் திறந்தது என்று கேளுங்கள். ஓடும் சத்தத்தோடு ஒரு காணொளி அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தின் படமும், ஸ்குரூத் தலைகளின் படமும் கேளுங்கள். அசல் பெட்டி இருந்தால் நல்லது. ஆனால் பிந்திய காலப் பெட்டிகளில் உள்ள ஸ்பஞ்சு நாளடைவில் மசிந்து பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினை அமிலம் கலக்காத தாளில் சுற்றி வையுங்கள். கடலோர ஊராக இருந்தால் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று இருக்கட்டும். மாதம் ஒருமுறை சில நிமிடமாவது இரு திசையிலும் ஓடவிடுங்கள். என்ன செய்தோம் என்று எழுதி வையுங்கள்.

சென்னையில் என் முதலை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி மூடியில், பெரியவரின் பென்சில் வரிகளுக்குக் கீழே, நான் பிரஷ் மாற்றிய தேதியைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் ஸ்குரூடிரைவரைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அடுத்த முறை திறக்கும்போது ரிலேயை அவன்தான் கழற்றப்போகிறான். அவனுக்கு நான் முதலில் சொல்லித்தந்தது, எஞ்சினைக் கையில் எடுத்ததும் அடியைப் பார்க்க வேண்டும் என்பது.